போர்டோ 2018: விளைச்சல் சரிந்த ஆண்டில் ஒயின் எப்படிச் சிறந்தது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் போர்டோ பகுதியில், மார்கோ ஊரை ஒட்டியுள்ள சாட்டோ பால்மர் தோட்டம் 2018இல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,100 லிட்டர் மட்டுமே எடுத்தது என்றும், முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் வைக்கும் தன் இரண்டாம் ஒயினான ஆல்டர் ஈகோவை அந்த ஆண்டு தயாரிக்கவே இல்லை என்றும் படித்தேன். ஆனால் அந்த ஆண்டின் ஒயினை மிக உயர்வாகவே பேசுகிறார்கள். திராட்சைக் கொடி வாடினால்தான் ஒயின் சிறக்கும் என்ற பேச்சு உண்மையா? அல்லது விளைச்சல் குறைந்தாலே எஞ்சிய பழம் தானாகச் செறிந்துவிடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பரே, 2018ஐ ஒரே பருவமாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஜூலை நடுப்பகுதி வரை ஓயாத ஈரம். அதன்பின் அறுவடை முடியும் வரை வெயிலும் வறட்சியும். முதல் பாதியில் அடிச்சாம்பல் நோய் இலையையும் குலையையும் தின்றது. பால்மர் உயிராற்றல் வேளாண்மை முறையில் நடக்கும் தோட்டம் என்பதால், செடிக்குள் ஊடுருவும் செயற்கை மருந்துகளை அது பயன்படுத்துவதில்லை. அதற்குப் பதிலாகத் தெளிக்கும் செம்பு மருந்தோ இலையின் மேல் மட்டுமே படிந்து நிற்பது, ஒரு கனமழை அதைக் கழுவிவிடும். (நம் விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தயாரிக்கும் போர்டோ கலவை இதே போர்டோ பகுதியில், இதே நோய்க்காக, 1885இல் பேராசிரியர் மில்லார்டே வெளியிட்டதுதான். பழம் திருடுபவர்களைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்து வைத்திருந்த கலவை நோயையும் தடுத்ததை அவர் கவனித்தார்.)

விளைச்சலைப் பறித்தது நோய். சுவையைத் தந்தது அதன்பின் வந்த வறட்சி. பழம் பச்சையிலிருந்து கருமைக்கு நிறம் மாறும் வாரங்களில் வேருக்குக் கிடைக்கும் நீர் மெல்லக் குறைந்தால், கொடி புதுத் தளிர் விடுவதை நிறுத்திக்கொண்டு, இலை உண்டாக்கும் சர்க்கரையைப் பழத்துக்கே அனுப்பும். பழமும் பருக்காமல் சிறுத்தே நிற்கும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில் இருப்பவை என்பதால், பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் நீர் அடியோடு அற்றுப்போனால் இலை சுருண்டு, பழுப்பதே நின்றுவிடும். 2018இல் வசந்த மழையை நிலம் ஆழத்தில் சேர்த்து வைத்திருந்ததால் கொடிகள் அந்த எல்லையைத் தொடாமல் தப்பின. தொல்லை தந்த அதே மழைதான் பின்னர் காப்பாற்றியது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். விளைச்சல் குறைந்தாலே தரம் கூடும் என்பதை மறுக்க 2013 ஒன்றே போதும். அந்த ஆண்டு பூக்கும் காலத்தில் குளிரும் மழையும் நீடித்ததால், குறிப்பாக மெர்லோ என்ற திராட்சை வகையின் கொடிகளில், பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தது. விளைச்சல் மிகக் குறைவு. இருந்தும் அறுவடைக் காலத்தின் ஈரத்தில் அழுகல் பரவ, முழுதாகப் பழுக்கும் முன்பே பலர் குலையை வெட்ட நேர்ந்தது. ஒயின் பெரும்பாலும் மெலிந்தே வந்தது.

உறைபனி தாக்கிய இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1961இல் மே மாத உறைபனியும் பூ உதிர்வும் விளைச்சலைப் பெரிதும் குறைத்தன. பிறகு வறண்ட ஆகஸ்டும் வெயில் நிறைந்த செப்டம்பரும் வந்தன. அது நூற்றாண்டின் தலைசிறந்த ஆண்டுகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. 1991இல் ஏப்ரல் உறைபனி தளிர்களைக் கருக்கியது. அறுவடையின்போது மழையும் பிடித்துக்கொண்டது. போர்டோவின் பொமரோல் ஊரிலுள்ள புகழ்பெற்ற பெட்ரூஸ் தோட்டம் அந்த ஆண்டு ஒயினே வெளியிடவில்லை. என் பார்வையில், துன்பம் எந்த மாதத்தில் வருகிறது, அதன்பின் வானம் என்ன செய்கிறது என்ற இரண்டுமே ஆண்டைத் தீர்மானிக்கின்றன. கொடியை வாட்டுவதே நல்லது என்று பொதுவாகச் சொல்வது, ஓர் ஆண்டின் உழைப்பை இழந்து நிற்கும் விவசாயிக்கு அநீதி.

மறுமொழி 3

உறைபனி பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். முதல் தளிர் கருகிய கொடி துணை மொட்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் அந்தத் தளிரின் குலைகள் சில வாரங்கள் பிந்தியே பழுக்கும். 2017 ஏப்ரல் இறுதியில் உறைபனி வந்தபோது, ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய பொய்யாக் போன்ற ஊர்களின் தோட்டங்கள் நீர்ப்பரப்பின் வெதுவெதுப்பால் பெரும்பாலும் தப்பின. தாழ்வான நிலங்களில் குளிர்காற்று தேங்கி அடியோடு கருக்கியது. பாதி தப்பிய தோட்டங்களில் ஒரே வரிசையில் முதல் தளிரின் பழமும் இரண்டாம் தளிரின் பழமும் கலந்து நிற்கும். அறுவடையின்போது இரண்டுமே கருத்திருக்கும். கண்ணால் பிரிக்க இயலாது. ஆகவே கோடையில், நிற வேறுபாடு தெரியும் நாட்களிலேயே, பிந்திய குலைகளை அடையாளமிட்டு வைக்க வேண்டும், அல்லது வெட்டிப் போட வேண்டும்.

பறிக்கும் நாளையும் சர்க்கரை அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பழத்தை வாயிலிட்டுத் தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்க்கிறார்கள். விதை பச்சையாக இருந்து நாக்கை இழுத்துப் பிடித்தால் காத்திருக்க வேண்டும். பழுப்பேறி முறுகலாக உடைந்தால் பறிக்கலாம். அவசரப்பட்டுப் பறித்த காபர்னே சோவினியோன் வகைத் திராட்சையில் குடைமிளகாயின் பச்சை வாடை தங்கிவிடும். தோல் நன்கு பழுக்காத ஆண்டில் சாற்றைத் தோலோடு நெடுநாள் ஊறவிட்டு, வலிந்து துவர்ப்பை இறக்கினால், ஒயின் கசந்து வறண்டுபோகும். அத்தகைய ஆண்டில் நொதிக்கும் தொட்டியில் கை அடக்கமாக இருந்தவர்களின் ஒயினே குடிக்க இனிதாக இருக்கிறது.