புதுப்பிப்பு: தடுப்பூசி, நிர்ப்பீடனவியல் கலாநிதி ஆய்வு – மட்டக்களப்பு, அம்பாறை பட்டதாரிகளுக்கு

முந்தைய இழையில் உதவித்தொகைகளைச் சொல்லியிருந்தோம். பின்னர் வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பக்கமிருந்து அதிகம் கேட்கப்பட்டது ஆய்வு முன்மொழிவை எழுதுவது பற்றி.

டி செல் (நோய் எதிர்ப்பில் பங்கெடுக்கும் ஒருவகை வெண்குழியம்) ஆய்வு எழுதுபவர்கள் முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இரத்தம் எடுத்து சுமார் 8 மணித்தியாலத்துக்குள் ஒற்றைக்கரு வெண்குழியங்களை (டி செல்கள் அடங்கிய பகுதி, பிபிஎம்சி) பிரித்து உறைய வைத்து, பிறகு திரவ நைதரசனில் சேமிக்க வேண்டும். தாமதித்தால் மற்ற வெண்குழியங்கள் கலந்துவிடும், டி செல்களின் துலங்கலும் குறையும். கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பிப் பிரிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) இருக்கும் சீரம் அப்படியல்ல, பிரித்து −80 பாகை செல்சியஸில் வைத்தால் நெடுநாள் தாங்கும். ஆகவே இங்கிருந்து தொடங்க பிறபொருளெதிரி ஆய்வே நல்லது.

டெங்கு என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி நம் தேசியத் திட்டத்தில் உள்ளது. இரண்டும் நெருங்கிய வைரஸ்கள் என்பதால், அந்தத் தடுப்பூசியால் உண்டாகும் பிறபொருளெதிரிகள் டெங்கு ஐஜிஜி எலைசாவில் (பிறபொருளெதிரியைக் கண்டறியும் இரத்தச் சோதனை) பொய்யான நேர்முடிவு காட்டலாம். ஆகவே எந்த வைரஸைப் பிறபொருளெதிரி தடுக்கிறது என்று பார்க்கும் வைரஸ் நடுநிலையாக்கச் சோதனையையும் அதன் செலவையும் முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் கலாநிதி ஆய்வு இடங்களான மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் நீங்கள் சேரும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இடங்கள் யூராக்சஸ் (EURAXESS) என்ற ஐரோப்பிய ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளத்தில் வரும். 3 வருடப் பொதுப்பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது, முதுமாணியும் வேண்டும்.