1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: பயிற்சி 25 மீட்டர் குளத்தில், போட்டி 50 மீட்டரில்

ஆறாம்லேன்:
வயது 41. இன்னும் 12 வாரத்தில் மாஸ்டர்ஸ் (வயதுப் பிரிவு வாரியாகப் பெரியவர்களுக்கான) நீச்சல் போட்டி, 1500 மீட்டர். 35 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், நிற்காமல் 1500 முதல் 2000 மீட்டர் வரை போகிறேன். ஆனாலும் 36:30-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. 1000 தாண்டினால் கை கனக்கிறது, வலது தோளும் லேசாகப் பிடிக்கிறது. எதை மாற்றலாம்?

கொக்கு76:
முதலில் அந்த 'நிற்காமல்' என்பதை விடுங்கள். தினமும் ஒரே வேகத்தில் போனால் உடம்பு அந்த வேகத்தைத்தான் பழகும். அதிலும் கடைசி 700 மீட்டர், களைப்பில் முழங்கை தொய்ந்து இடுப்பு இறங்கிப்போய் நீந்துவது. தப்பான ஸ்ட்ரோக்கை நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சி.எஸ்.எஸ். (Critical Swim Speed, அதாவது நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம்) டெஸ்ட் ஒன்று போட்டுவிட்டு வாருங்கள். நல்ல வார்ம்-அப், பிறகு 400 முழு முயற்சியில், பத்து நிமிட ஓய்வு, பிறகு 200 முழு முயற்சியில். டைவ் வேண்டாம், சுவரை உதைத்துத் தொடங்குங்கள். 400-ன் நேரத்திலிருந்து 200-ன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான வேகம் கிடைக்கும். கரையில் யாரையாவது நிறுத்தி ஒவ்வொரு 100-க்கும் ஸ்பிளிட் (அந்த 100-க்கு மட்டும் ஆன நேரம்) எடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் டெஸ்ட் போட்டுப் பயனில்லை.

குளக்கரை:
தோள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள் சார். பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுவது. இன்னொன்று, கட்டைவிரல் முதலில் நுழைவது. அப்போது தோள் உள்பக்கம் முறுக்கிக்கொண்டே இழுக்க வேண்டிவரும். தோளுக்கு நேராக, உள்ளங்கை கீழே பார்த்தபடி, நடுவிரல் முதலில் நுழையட்டும். எப்போதும் வலப்பக்கமே மூச்சு எடுப்பவராக இருந்தால் வார்ம்-அப்பிலாவது இரண்டு பக்கமும் எடுங்கள். பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டு) போடுகிற ஆளாக இருந்தால் வலி போகும்வரை அதைத் தொடாதீர்கள். வாரத் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுவதும் வம்பு. இரவில் படுத்தால் வலிக்கிறது என்றால் இங்கே கேட்காதீர்கள், பிசியோவிடம் போங்கள்.

ஆறாம்லேன்:
டெஸ்ட் போட்டாச்சு. 400: 8:48. ஸ்பிளிட் 2:00, 2:10, 2:16, 2:22. 200: 4:10. கணக்குப்படி 2:19 வருகிறது.

கொக்கு76:
வியாதி அந்த ஸ்பிளிட்டிலேயே இருக்கிறது. தனியாக 200 போனபோது சராசரி 2:05. அதைவிட வேகமாக, 2:00-ல், 400-ஐ ஆரம்பித்திருக்கிறீர்கள்! 1500-லும் இதையேதான் செய்வீர்கள். 1000-ல் கை கனப்பது அதனால்தான். முதல் 100-ஐ 2:10-ல் எடுத்து அப்படியே பிடித்திருந்தால் 8:40 வந்திருக்கும், சி.எஸ்.எஸ். 2:15 ஆகியிருக்கும். 2:15-ஐ வைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு நாள்: 10 × 100, ஒவ்வொன்றும் 2:15, புறப்பாடு 2:30-க்கு ஒருமுறை. முதல் மூன்று 'இது ரொம்ப ஈஸி' என்று தோன்ற வேண்டும். 2:11 வந்தால் அது சாமர்த்தியம் இல்லை, தப்பு. பத்தாவதும் 2:15-ல் நின்றால் அடுத்த வாரம் 12, பிறகு 15. ஏழாவதிலேயே 2:20-க்குச் சரிந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஓய்வை நீட்டாதீர்கள். டெம்போ டிரெய்னர் (குறித்த இடைவெளியில் பீப் அடிக்கும் சின்னக் கருவி) இருந்தால், 25 மீட்டருக்கு 33.75 வினாடி வையுங்கள். ஒவ்வொரு பீப்புக்கும் சுவரில் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஸ்ட்ரோக் டிரில் (கைவீச்சைத் திருத்தும் பயிற்சி), அதன்பின் 12 × 50 கொஞ்சம் வேகமாக. மூன்றாம் நாள் 5 × 300, 2:18 வேகத்தில், 30 வினாடி ஓய்வு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். போட்டி வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை அல்ல.

நீர்ப்பூச்சி:
50 மீட்டர் குளம் என்றதை யாரும் தொடவில்லையே. 1500-க்கு 25-ல் 59 டர்ன் (சுவரில் திரும்புவது), 50-ல் 29. சுவரை உதைத்து வழுக்கிப்போகும் இலவச மீட்டர்கள் பாதியாகிவிடும். 100-க்கு 2, 3 வினாடி கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2:18 என்றால் 34:30, உங்கள் இலக்குக்குள்தான். மாதம் இரண்டு முறையாவது 50 மீட்டர் குளம் தேடிப் போங்கள். சுவர் வராத அந்த நடு 20 மீட்டரில்தான் ஸ்ட்ரோக் கலைகிறது.

ஃபிளிப் டர்ன் (தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவது) கட்டாயம் இல்லை, சுவரை உடம்பின் ஏதாவது ஒரு பகுதி தொட்டால் போதும். புதிதாகக் கற்று மூச்சுத் திணறுவதற்கு, சுத்தமான ஓப்பன் டர்ன் (கையால் சுவரைத் தொட்டுத் திரும்புவது) மேல். ஆனால் சுவரைப் பிடித்துத் தொங்காதீர்கள். டர்னுக்கு ஒரு வினாடி போனால் அரை நிமிடம் காலி. டைவ் பயமாக இருந்தால் மாஸ்டர்ஸில் தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்க அனுமதி உண்டு.

லேப் எண்ணுவது: 30 வரை எண்ணினால் குழம்பும். புறப்பட்ட சுவருக்குத் திரும்பும்போது மட்டும் எண்ணுங்கள், மொத்தம் 15. போட்டித் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் திறந்தவெளிக் குளம் மே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். அப்படியானால் முதல் 300-ஐ 2:20-ல் எடுங்கள், கரையில் தண்ணீர் பாட்டிலோடு போங்கள்.

குளக்கரை:
நீச்சல் கண்ணாடியைப் போட்டி அன்றைக்குப் புதிதாக வாங்கி மாட்டாதீர்கள்.