தம்பியின் ஃபைட்டர் மந்திரத்தில் உறைந்தே கிடக்கிறான், வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆட்டம் நடத்துகிறேன். 2014 விதிநூல், 5ஆம் பதிப்பு, எல்லோரும் 5ஆம் நிலை.

எதிரி மந்திரவாதி ஆளை அசையாமல் உறைய வைக்கும் 'ஹோல்ட் பெர்சன்' மந்திரம் போட்டால், ஃபைட்டர் (போர்வீரன்) ஆடும் தம்பி அவ்வளவுதான். அதிலிருந்து தப்ப விஸ்டம் (மனத்திறன்) சார்ந்த சேவிங் த்ரோ, அதாவது தற்காப்புப் பகடை, உருட்ட வேண்டும்; அவனுக்கு விஸ்டம் 10, அதில் கூட்ட ஒன்றுமில்லை. ஃபைட்டருக்குச் சேவிங் த்ரோ தேர்ச்சி ஸ்ட்ரெங்த் (பலம்), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) இரண்டில்தான். இருபதுமுகப் பகடையில் அவன் எட்ட வேண்டிய எதிரியின் இலக்கோ அடிப்படை 8, தேர்ச்சி 3, மந்திரத் திறன் 4 சேர்ந்து 15. தப்பிக்க 30 சதவீத வாய்ப்பு. தன் முறை முடியும்போது மறுபடி உருட்டலாம், சரி. ஆனால் போன ஆட்டத்தில் பகடையை மேசையில் வைத்துவிட்டு, அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதையில்) போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

கிளெரிக் (பூசாரி) ஆடும் பிள்ளை, சேவிங் த்ரோவோடு ஒரு நான்முகப் பகடையைக் கூட்டித் தரும் 'பிளெஸ்' மந்திரம் போட்டும் அது போதவில்லை. மந்திரவாதியை அம்பால் அடித்து, மந்திரத்தை நீடிக்க வைக்கும் கான்சென்ட்ரேஷனை (மன ஒருமுகத்தை) கலைக்கப் பார்த்தார்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். 4ஆம் நிலையில் தம்பி ஸ்ட்ரெங்த்தைக் கூட்டிவிட்டதால், சேவிங் த்ரோ தேர்ச்சி ஒன்றைத் தரும் 'ரெசிலியன்ட்' ஃபீட்டுக்கு (சிறப்புத் திறனுக்கு) 6ஆம் நிலை வர வேண்டும். குழுவில் பாலடின் (புனித வீரன்) கிடையாது. இலக்கைக் குறைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு நியாயமில்லை.

விதியை மாற்றாமல், 6ஆம் நிலை வரும்வரை அவனை இந்த மந்திரத்திலிருந்து காப்பாற்ற என்ன செய்யலாம்?