பைண்ட்அட்ரஸ் கொடுத்தும் பேக்கப் ஃபைபரில் போகமாட்டேன் என்கிறது

கேள்வி:
உபுண்டு 22.04 சர்வர், இரண்டு நெட்வொர்க் கார்டு. ஈத்0: 192.168.1.10, ரூட்டர் 192.168.1.1, அந்தப் பக்கம் லீஸ்டு லைன் (ஆபீஸுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைய லைன்). ஈத்1: 192.168.2.10, ரூட்டர் 192.168.2.1, சாதாரண ஃபைபர். டிஃபால்ட் ரூட் (தனியாக வழி சொல்லாத எல்லாம் போகும் வழி) ஈத்0 வழியாக. ஆபீஸ் வேலையெல்லாம் லீஸ்டு லைனிலேயே இருக்கட்டும், ராத்திரி பேக்கப் மட்டும் ஃபைபரில் போகவேண்டும். எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான ரிமோட் தொடர்பு) மேல் ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் புரோகிராம்) ஓடுகிறது, அதனால் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் பைண்ட்அட்ரஸ் 192.168.2.10 (இந்த ஐபியிலிருந்து கிளம்பு) என்று போட்டேன், டைம்அவுட். அந்த வரியை எடுத்தால் ஓடுகிறது, ஆனால் லீஸ்டு லைனில். கேபிள் மாற்றியாயிற்று, ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று, அதே கேபிளை லேப்டாப்பில் செருகினால் நெட் ஜம்மென்று வருகிறது. மூன்று ராத்திரி தூக்கம் போச்சு.

பதில் 1:
ஃபைபரை விடுங்கள். பைண்ட்அட்ரஸைத் திரும்பப் போட்டுவிட்டு ஈத்0-வில் டிசிபிடம்ப் (போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓட்டுங்கள்.

கேட்டவர்:
அட, 192.168.2.10 என்ற ஐபியோடு பாக்கெட் ஈத்0-வில்தான் வெளியே போகிறது! இது எப்படி?

பதில் 1:
கடிதத்தில் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதினால் தபால் வேறு ரோட்டில் போய்விடுமா? லினக்ஸ் சேருமிடத்தைப் பார்த்துத்தான் வழி எடுக்கும், பைண்ட்அட்ரஸ் அனுப்புநர் ஐபியை மட்டும்தான் மாற்றுகிறது. 192.168.2 முகவரியோடு வருவதை லீஸ்டு லைன் ரூட்டர் வெளியே அனுப்பாது போலிருக்கிறது, பதில் எங்கிருந்து வரும்? 192.168.2.10-க்குத் தனி ரூட்டிங் டேபிள் (எது எந்த வழியில் போகவேண்டும் என்ற பட்டியல்) வேண்டும் (டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்):

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வியா 192.168.2.1 டெவ் ஈத்1 டேபிள் 100
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.2.10 டேபிள் 100

அப்புறம் "ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.2.10" என்று கேட்டுப் பாருங்கள், ஈத்1 என்று வரவேண்டும்.

கேட்டவர்:
வந்தது, பேக்கப்பும் ஃபைபரில் ஓடுகிறது, கோடி நன்றி அண்ணே. ஆனால் ஆபீஸில் சிலர் சர்வரை 192.168.2.10 என்ற ஐபியில் திறந்து பழகியவர்கள், இப்போது அவர்களுக்குத் திறக்கவில்லை என்று கத்துகிறார்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் டேபிள் 100-இல் டிஃபால்ட் ஒன்றுதான் இருக்கிறது. உதாரணமாக ஆபீஸில் 192.168.1.55 என்ற பிசிக்குப் போகவேண்டிய பதிலும் நேராக ஃபைபர் ரூட்டரிடம் போகும், அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? அதே டேபிளில் 192.168.1.0/24 டெவ் ஈத்0 என்று ஒரு ரூட் சேருங்கள். 192.168.2.0/24 டெவ் ஈத்1 என்பதையும் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் ரீபூட் வரைக்கும்தான். நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங்) ஃபைலில் ஈத்1-க்குக் கீழே ரூட்ஸ், ரூட்டிங்-பாலிசி இரண்டிலும் எழுதிவிட்டு (192.168.1.0/24 ரூட்டை மட்டும் ஈத்0-க்குக் கீழே ரூட்ஸில்), அப்ளை என்று அடிக்காமல் நெட்பிளான் ட்ரை என்று அடியுங்கள். 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திரும்பிவிடும். வெளியிலிருந்து லாகின் செய்து இதைச் செய்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

கேட்டவர்:
நான் வீட்டிலிருந்துதான் செய்கிறேன். ட்ரை அடித்தேன், தொடர்பு அறவில்லை, கத்தினவர்களுக்கும் திறக்கிறது. இன்றைக்காவது படுக்கிறேன்.