சொன்ன வார்த்தையைக் குழந்தை விட்டுவிட்டால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நாங்கள் டெக்சாஸ் வந்து நாலாவது மாதம். மகனுக்கு ஒன்றரை வயது. காக்கா, பால், தாத்தா, ‘ண்ணி’ எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் மாமா, அதாவது என் மாமனார், “காக்கா எப்படிடா கத்தும்?” என்றால் போதும், கா கா என்று வீடே அதிரும். ஒருநாள் அவர் நாலு தடவை கேட்டும் இவன் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். “நெட்வொர்க் சரியில்ல போல” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நானும் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். புது வீடு, சளி, டேகேரில் இங்கிலீஷ்... காரணத்துக்கா பஞ்சம்?

நீங்கள் அப்படி ஓட்டாதீர்கள். பேச்சு லேட்டாக வருவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. “ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பா மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று அத்தை சொன்ன கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் அம்மா தன் பங்குக்கு, உரசி நாக்கில் தடவச் சொல்லி வசம்பு அனுப்பினார். தடவாதீர்கள், அதை உணவில் சேர்க்க இங்கே 1968-லிருந்தே தடை.

டேகேரில் மட்டும் வாயே திறக்காமல் வீட்டுக்கு வந்ததும் தமிழில் வழக்கம்போல் பேசினால், புது மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் சில காலம் அப்படி இருப்பதுண்டு. வீட்டிலும் பேச்சு நின்று, கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டிக் காட்டுவதும் டாட்டா காட்டுவதும் போய்விட்டால் அதை மொழிக் குழப்பம் என்று தள்ளக் கூடாது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இப்படி ஆகும். காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு சரியாகக் கேட்காமல் போனாலும் பேச்சு பாதிக்கும், அதனால் காது டெஸ்ட் கட்டாயம். தட்டைத் தட்டினால் திரும்புகிறான் என்று நாமே சர்டிஃபிகேட் கொடுக்கக் கூடாது. கண் செருகி உறைந்து நிற்கிறான், நடையோ, கையால் பிடித்துச் செய்யும் திறனோ சேர்ந்து குறைகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எல்லா மாநிலத்திலும் எர்லி இன்டர்வென்ஷன் உண்டு, அதாவது வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளைப் பரிசோதித்துத் தெரபி கொடுக்கும் அரசுத் திட்டம். டெக்சாஸில் அதை ஈசிஐ (ECI) என்பார்கள். டாக்டர் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை, நாமே கூப்பிடலாம். ஹெச்1பி, ஹெச்4 என்று விசாவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அது தடையே இல்லை. கூப்பிட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பிள்ளையைப் பரிசோதித்துத் திட்டம் போடக் கூட்டமும் நடத்த வேண்டும் என்பது சட்டம். பரிசோதனைக்குக் காசில்லை. தெரபிக்கு சில மாநிலங்களில் வருமானத்தைப் பொறுத்து ஒரு தொகை கேட்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கூசாமல் கேளுங்கள், “ண்ணி” ஒரு வார்த்தை என்று அவர்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?

நாங்கள் முதலில் பார்த்த டாக்டர், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னார். மூன்று வாரம் நானும் கணவரும் பிள்ளையிடம் நியூஸ் வாசித்தோம். இரண்டு மொழி கேட்பதால் வந்த பேச்சு போகாது. தெரபிஸ்ட் வந்த முதல் நாளே தமிழிலேயே பேசுங்கள் என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய வீடியோக்களைக் கொண்டுபோங்கள், எந்த வார்த்தை எப்போது வந்தது, எப்போது நின்றது என்று எழுதியும் வையுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நான் 5/8 என்று எழுதியதை அவர்கள் மே 8 என்று படித்து, என் ஆகஸ்ட் மாதக் கதை முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

மூன்று வயதானதும் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது நம் பகுதி அரசுப் பள்ளிகளின் நிர்வாகத்துக்குப் போய்விடும், அதற்கான கூட்டம் பிறந்தநாளுக்கு 90 நாளாவது முன்னால் நடக்க வேண்டும். எங்களுக்கு அது அடுத்த வாரம்.