தானாக ஓடும் பேருந்தில் பாதுகாப்பு ஓட்டுநர் வேலை: பெயர் கொடுக்கலாமா?

நகரப்பேருந்து_ஓட்டுநர்:

வணக்கம். பல வருடங்களாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் நிறுவனம் தானாக ஓடும் பேருந்துகளைச் சோதனைக்குக் கொண்டுவரப் போகிறதாம். அதில் பாதுகாப்பு ஓட்டுநராக, அதாவது தேவைப்பட்டால் வண்டியைக் கையில் எடுப்பவராக, உட்கார விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். "வண்டி தானே போகும், நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்" என்கிறார் மேலாளர். கூட வேலை பார்ப்பவர்களோ, நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்கிறோம் என்கிறார்கள்.

அந்த இருக்கையில் இருப்பவர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்? விபத்து நடந்தால் யார் தலையில் விழும்? ஆள் இல்லாமலே ஓடும் காலம் வந்துவிட்டால் எனக்கு என்ன வேலை மிஞ்சும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கியர்:

அண்ணே, நான் இப்போது பார்ப்பது இந்த வேலைதான். அதற்கு முன்பு உங்களைப் போலப் பேருந்து ஓட்டியவன். "சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்" என்று சொல்பவரை ஒரு முழு ஷிஃப்ட் அங்கே உட்காரச் சொல்லுங்கள்.

நாமே ஓட்டும்போது கையும் காலும் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் புத்தியும் விழித்திருக்கும். இங்கே ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். அதில் படாமல், ஆனால் நொடியில் பிடிக்கிற தூரத்தில் கையை வைத்திருக்க வேண்டும். கால் பிரேக்குக்கு மேலேயே நிற்கும். புதிதாகப் பழகுபவர் பக்கத்தில் உட்காரும் பயிற்சியாளர் நிலைமைதான். ஒரே வித்தியாசம், இந்த மாணவர் பல மணி நேரம் ஒரு பிசகும் இல்லாமல் ஓட்டுவார். அங்கேதான் ஆபத்து. வண்டி நன்றாக ஓட ஓட நம் கவனம் நழுவும்.

இதில் நம் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்தவர்கள் ஏன் சமிக்ஞைகளைத் தவறவிடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார், 1948இல் வெளியிட்டார். கடிகார முள் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை. முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில் நடந்ததைப் பாருங்கள். ஊபரின் சோதனைக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதி அவர் இறந்துபோனார். காருக்குள் இருந்த பாதுகாப்பு ஓட்டுநர் அதற்கு முன் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அதே விசாரணை அறிக்கை, ஓட்டுநர்களைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று நிறுவனத்தையும் குறை சொன்னது. இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவராகக் குறைத்ததும் நிறுவனம்தான். ஆனால் குற்ற வழக்கு அவர் ஒருவர் மேல்தான் வந்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். போன் பார்த்தது பெரிய தவறு, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் அப்படி ஒரு சூழலில் தனி ஆளாக உட்கார வைத்தவர்கள் வெளியே நிற்கிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் பெயர் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள்? வண்டியில் இன்னொருவர் இருப்பாரா? ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உங்கள் முன்னாலேயே இருக்குமா? கடைசிக் கேள்வி விளையாட்டில்லை. 2017 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு சிறிய தானியங்கிப் பேருந்து, சேவை தொடங்கிய முதல் நாளே, பின்னோக்கி வந்த லாரியைப் பார்த்துச் சரியாக நின்றுவிட்டது. லாரி நிற்கவில்லை, வந்து இடித்தது. பேருந்தில் ஸ்டீயரிங்கே கிடையாது. கையால் இயக்கும் கருவி வண்டியின் இன்னொரு முனையில் மூடிய இடத்துக்குள் இருந்தது. உள்ளே இருந்த பணியாளரால் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தத்தான் முடிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

சக்கரநாற்காலிப்_பயணி:

ஐயா, பயணியாக ஒன்று சொல்கிறேன். பேருந்தில் ஓட்டுநர் செய்வதில் பாதி, ஓட்டுவதைச் சேர்ந்ததே இல்லை. சாய்தளத்தை இறக்குவது, என் நாற்காலி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, நான் உட்காரும் இடத்தில் நிற்பவர்களை நகரச் சொல்வது, இதையெல்லாம் எந்த கேமரா செய்யும்?

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலம்பஸில் ஒரு தானியங்கிப் பேருந்து திடீரென பிரேக் போட்டு, ஒரு பயணி இருக்கையிலிருந்து கீழே விழுந்தார். வேகம் என்னவோ மணிக்கு 11 கிலோமீட்டர் மாதிரிதான். வண்டிக்கு அது "பாதுகாப்பாக நின்றது". விழுந்தவரைத் தூக்க ஆள் வேண்டாமா?

லண்டனின் டாக்லேண்ட்ஸ் ரயில் 1987 முதல் தானாகவே ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பணியாளர் உண்டு. கதவுகளைக் கவனிப்பார், பயணிகளுக்கு உதவுவார், தேவைப்பட்டால் ரயிலை அவரே ஓட்டுவார். பேருந்திலும் எனக்கு வேண்டியது அதுதான். ஆளே இல்லாத பேருந்தில் நான் ஏற மாட்டேன். ஏறவும் முடியாது.

இரவு_ஷிஃப்ட்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும். ஆள் இல்லாத வண்டி என்றாலும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார். ஜெர்மனியில் 2021இல் வந்த சட்டப்படி, ஓட்டுநர் இல்லாத வண்டிக்குத் 'தொழில்நுட்ப மேற்பார்வை' செய்ய ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். அவர் தூரத்திலிருந்து ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. வண்டி தயங்கி நின்றால் அடுத்த நகர்வுக்கு அனுமதி தருவார், அல்லது நிறுத்திவிடுவார். ஜப்பானின் எய்ஹெய்ஜி ஊரில் 2023 மே மாதம் ஓடத் தொடங்கிய சிறு வண்டிகளில், தூரத்திலிருந்து ஒருவரே மூன்று வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பழைய ரயில் பாதை, மணிக்கு 12 கிலோமீட்டர், அதனால் சரி. நெரிசலான நகரத் தெருவில் ஒருவருக்கு மூன்று என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வேலைக்குச் சாலை தெரிந்த பேருந்து ஓட்டுநர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று சங்கம் மூலம் இப்போதே கேளுங்கள், ஐயா.

நகரப்பேருந்து_ஓட்டுநர்:

எல்லோருக்கும் நன்றி. பெயர் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்த பிறகே. தம்பி நாலாம்கியர், வண்டியில் இரண்டு பேர் எங்காவது நடைமுறையில் இருந்திருக்கிறதா? இல்லாததைக் கேட்டால் மேலாளர் உடனே தட்டிக்கழிப்பார்.

நாலாம்கியர்:

இருந்திருக்கிறது அண்ணே. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கம் ஃபோர்த் சாலைப் பாலம் வழியாக 2023 மே மாதம் தொடங்கிய ஸ்டேஜ்கோச் நிறுவனத்தின் தானியங்கிப் பேருந்துகளைச் சொல்லுங்கள். சுமார் 22 கிலோமீட்டர் தடம், முழு அளவுப் பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பயணிகளைக் கவனிக்க 'கேப்டன்' என்று இன்னொருவர் என இரண்டு பேரோடுதான் தொடங்கினார்கள். போதிய பயணிகள் இல்லை என்று 2025 பிப்ரவரியில் சேவையை நிறுத்திவிட்டார்கள். மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சம்பளம் கட்டுப்படியாகாது என்பார். முதலில் ஒரு தடத்திலாவது இரண்டு பேர், ஆள் மாற்றும் நேரம் எழுத்தில், விபத்து வழக்கில் வக்கீல் செலவு நிறுவனத்துடையது. இந்த மூன்றையும் விடாதீர்கள். கடிதம் எழுதியதும் இங்கே போடுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.