மீட்டிங்கில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் இப்போதே பேச எடுப்பதா, தள்ளிவைத்து விடுவதா? உங்கள் அனுபவம்?

ஓஎம்ஆர் பறவை:
சிகாகோ கிளையன்ட்டோடு ராத்திரி கால். சர்வர் செலவு பற்றிப் பேச்சு வந்ததும் அந்த அம்மா "லெட்ஸ் டேபிள் இட்" என்றார். எங்கள் டீம் லீட் உடனே ஸ்கிரீன் ஷேர் போட்டு முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நாலாவது ஸ்லைடு வரை மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் யாரோ மியூட்டை எடுத்து, "ஓ... இப்பவே பேசுறோமா?" என்று இழுத்த குரல் இன்னும் காதில் நிற்கிறது. லீடிடம் யாரும் விளக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பொறுமை போதாது என்பதுதான் இன்றுவரை அவர் முடிவு.

தேம்ஸ்கரைத் தமிழன்:
எனக்கு நேர் எதிர். லண்டனில் டேபிள் என்றால் இன்றைக்கே எடுக்கிறோம் என்று பொருள். பாஸ்டனிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கணக்கைக் கேட்டதும் முகம் சிவந்து, "அதான் ஒத்திவைத்துவிட்டீர்களே!" என்றார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் காலத்திலேயே நடந்த கூத்து இது. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் அறிக்கையை உடனே எடுக்க பிரிட்டிஷார் டேபிள் செய்யச் சொல்ல, கூடவே கூடாது என்று அமெரிக்கர்கள் மல்லுக்கு நின்றார்களாம். இருவரும் கேட்டது ஒன்றைத்தான் என்று பிறகே புரிந்ததாகச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

விதிமுறை வேலு:
'ஒத்திவைப்பு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அமெரிக்க காங்கிரஸில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் கதை முடிந்தது. டேபிள் செய்யலாமா என்பதற்கு விவாதமே கிடையாது, நேரே வாக்கெடுப்பு. 1876-ல் ஹென்றி ராபர்ட் வெளியிட்ட கூட்ட விதிகளைப் பின்பற்றும் சங்கங்களில்தான் திரும்ப எடுக்க வழியுண்டு. நம் நாடாளுமன்றம் பிரிட்டிஷ் வழி. அங்கே அறிக்கை டேபிள் ஆனது என்றால் தாக்கல் ஆனது என்று அர்த்தம். ஆகவே மினிட்ஸில் அந்தச் சொல்லையே தொடாதீர்கள். 'இன்று பேசுவோம்', 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று தேதி போட்டு எழுதுங்கள். கான்ஃபரன்ஸ் காலில் இரண்டு நாட்டுக்காரர்கள் இருந்தால் ஆரம்பத்திலேயே நிகழ்ச்சி நிரலை வாசித்துவிடுங்கள். புதிதாகச் சேருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள். லீட்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் பறவை:
வேலு சார், அனுபவம் கேட்டால் வகுப்பு எடுக்கிறீர்களே!

விதிமுறை வேலு:
சரி, இந்தாருங்கள். டெக்சாஸில் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம். பொங்கல் விழாக் கணக்கை டேபிள் செய்யலாம் என்றார் தலைவர். ஊரிலிருந்து வந்திருந்த பொருளாளரின் அப்பா பையைத் திறந்து ரசீதுக் கட்டு முழுவதையும் மேசைமேல் பரப்பிவிட்டார். அன்றைக்கே கணக்கு முடிந்தது.